வால் முளைத்த சொல்

எந்த மிருகத்துக்கும் வால் முளைத்தால்
நீளம் கூடும்.
லத்தீனில் இந்த ஒரு சொல்லுக்கு
வால் முளைத்ததும் உடம்பு சிறுத்துப்போனது.
ஃபாஸ்கிஸ் என்றால் கட்டு.
ஃபாஸ்கிகுலுஸ் என்றால்
கட்டுக்குட்டி.

காம்போபாஸ்ஸோ நீதிமன்றத்தின் நிலவறையில்
நகலெடுக்கும் இயந்திரம் சூடேறும் நேரத்தில்
அகராதியைப் புரட்டித் தெரிந்துகொண்டது இது.
சம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
ஆனால் பத்தொன்பது வருடமாக
நான் அடுக்குவது அதைத்தான்:
ஃபாஷிகோலோ,
வெள்ளை நாடா கட்டிய வழக்குக் கோப்பு.
பெயருக்குத்தான் குட்டி.
சிலது தூக்கினால்
கன்றுக்குட்டி எடை.

தாய்ச்சொல் வேறு ரகம்.
பிரம்புகளைச் சேர்த்துக் கட்டி
நடுவே கோடரி செருகி
ரோமின் அதிகாரிகளுக்கு முன்னால்
ஆட்கள் தோளில் சுமந்து நடந்தார்கள்.
பிரம்பு அடிக்க. கோடரி வெட்ட.
போன நூற்றாண்டில் அதைத் தூசு தட்டி எடுத்தவர்கள்
ஒரு கட்சிக்கே அந்தப் பெயரை வைத்தார்கள்.
எங்கள் நுழைவாயிலின் மேல்
உளியால் கொத்தி அகற்றிய இடம்
இன்னும் வெளிறிக் கிடக்கிறது.
மழை பெய்து கல் நனைந்தால்
கோடரி தெரியும்.

குட்டி அந்த வீட்டை விட்டு ஓடிவந்து
கிடைத்த வேலையெல்லாம் செய்தது.
பத்திரிகைக் கடையில் வாராவாரம் தொங்கும் கப்பல்:
முதல் இதழோடு நங்கூரம்,
இரண்டாவதோடு விரல் நீளப் பலகை நான்கு,
தொண்ணூறாவது வாரம் பாய்மரம்.
அந்த இதழுக்கும் பெயர் ஃபாஷிகோலோ.
தசைக்குள் நூல்நூலாய் ஓடும் கற்றைக்கு
மருத்துவர்கள் அதையே சொல்கிறார்கள்.
பைன் மரம் கிளையில் முளைக்கவைக்கும்
ஊசியிலைக் கொத்துக்கும் அதுவே.

இத்தனையும் ஒரே வழக்கில் பார்த்தவள் நான்.
சபத்தீனோ வுல்பியோ எதிர் இலாரியோ வுல்பியோ.
ஒரு மலைச்சரிவு, ஏழு பைன் மரம்,
ஒரு தாய் வயிறு.
முப்பத்தோரு வருடம். பதினொரு கட்டு.
நான்காவதில் மருத்துவச் சான்று:
இலாரியோவின் வலது தோளில்
தசைக்கற்றை கிழிந்திருக்கிறது,
மண்வெட்டிக் காம்பால்.
ஏழாவதில் தாவர நிபுணரின் அறிக்கை,
எந்த மரம் யார் நட்டது என்று தெரியாமல்
எந்த இனம் என்று மட்டும் சொல்கிறது:
ஊசிகள் இரண்டிரண்டாக ஒரே உறையில் முளைக்கும்,
உதிரும்போதும் பிரிவதில்லை.
சாட்சிப்பொருள் இணைப்பு: கடித உறை ஒன்று.
இதைப் படித்த நீதிபதி எவரும்
சிரித்ததாகக் குறிப்பு இல்லை.

பிப்ரவரியில் வழக்கு தானாகவே முடிந்தது.
இலாரியோ இறந்துபோனார்.
மனைவி இல்லை, பிள்ளை இல்லை.
பிரதிவாதியின் ஒரே வாரிசு
வாதி.

பனி ஒட்டிய சப்பாத்தோடு
சபத்தீனோ படியிறங்கி வந்தார்.
கக்கத்தில் கப்பலின் நாற்பத்தொன்றாம் இதழ்.
அதோடு நிறுத்திவிட்டார்களாம்.
"மரம் வராத கப்பல்" என்றார்.
எந்த மரம் என்று நான் கேட்கவில்லை.
பதினொரு கட்டில் ஒன்றும் அவருக்கு வேண்டாம்.
அந்தக் கடித உறை மட்டும்.

படிவத்தை எடுத்தேன்.
பொருள்: ஊசியிலை.
எண்ணிக்கை:
உறையைச் சாய்த்தேன்.
பழுப்பேறிய இரண்டு ஊசி
அடியில் ஒட்டிக்கொண்டு
கவட்டைபோல் விரிந்து விழுந்தன.
இரண்டு என்று எழுதினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.
நெடுநேரம் எண்ணினார்,
இரண்டை எண்ண அவ்வளவு நேரம் ஆகுமென்று
எனக்குத் தெரியாது.
"திருத்துங்கள்" என்றார்.

திருத்தினால் மேலே கேள்வி வரும்.
அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு
ஒன்று என்று எழுதினேன்.
மண்வெட்டி பிடித்த கையால்
அவர் கீழே கையெழுத்திட்டார்.

உறையை இதழுக்குள் செருகிக்கொண்டு போனபின்
ஏழாவது கட்டுக்கு நாடா போட உட்கார்ந்தேன்.
ஒரு சுற்று கூடுதலாக வந்தது.
அவ்வளவு மெலிந்திருந்தது அது.